பாட்டு நல்லாக்கீது, அதான் ஆடுனேன்

வேம்புலியம்மாளை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் கையில் மஞ்சள் தண்ணீர்க் குடம் இருந்தது. என் கையில் சர்டிபிகேட் ஃபைல் இருந்தது.

1987, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர் வேலைக்குச் சேரவேண்டும். செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து பாடியில் இறங்கி, பட்டரவாக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு தெருவில் அறை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி நடந்துகொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இயற்பியல், முதல் வகுப்பு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றும் வெட்கம் இல்லை, இன்றும் இல்லை. பஸ்ஸில் தூங்கும்போதுகூட அந்த ஃபைலை நெஞ்சில் அணைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

தெருவை மறித்து அம்மன் கோயில் கூழ்த் திருவிழா. கயிறு கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். உள்ளே ஒருவர் இடுப்பில் பம்பை மேளத்தைக் கட்டிக்கொண்டு அம்மனை வர்ணித்துப் பாடிக்கொண்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்று சுவரை ஒட்டி நகர்ந்தேன். வட்டத்துக்குள் தலைவிரிகோலமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் கயிற்றைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். கையிலிருந்த குடத்தைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தாள்.

"அம்மா உனுக்குன்னே வந்து ஊத்திகீதுப்பா. குடுத்து வெச்சவன் நீ" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். என் ஃபைலிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விசாரித்துக்கொண்டு அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். வீட்டு வாசலில் ஒரு பெண் கொண்டை போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதே பெண்.

"இன்னா தம்பி, இப்டி நனைஞ்சிகினு வந்துகீற? எங்க மழை?"

"நீங்கதானே ஊத்தினீங்க?"

"அப்டியா? எனுக்கு ஒண்ணும் தெர்லயே தம்பி" என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு ஃபைலை வாங்கிப் பிரித்தாள். என் பட்டத்தையும் மதிப்பெண் பட்டியல்களையும் ஒவ்வொன்றாகத் துணிக்கொடியில் கிளிப் போட்டு, உள்பாவாடைக்கும் லுங்கிக்கும் நடுவில் தொங்கவிட்டாள். என் பட்டத்தின் ஓரத்தில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

அந்த வீட்டுப் பின்னறையில் ஏழெட்டு வருஷம் இருந்தேன். அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் புருஷன் கோவிந்தன் பாடியில் லாரி ஷெட்டில் சுமை ஏற்றுகிறவர். ஒரே மகன், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். எஸ்டேட் வருவதற்கு முன் அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று பிடுங்கிய குடும்பம். வயலைப் பற்றி அவர்கள் யாரும் ஏங்கிப் பேசி நான் கேட்டதில்லை. சேறு கால்விரலைத் தின்றதைத்தான் சொல்வார்கள்.

வீட்டில் ரேடியோ கிடையாது. கோவிந்தனுக்குப் பிடிக்காது. பெண்பிள்ளை பாட்டுக் கேட்டுக்கொண்டு தாளம் போடுகிற வீடு உருப்படாது என்பது அவருடைய கட்சி. சாமி பாட்டுக்கு மட்டும் விலக்கு. அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் வருஷத்தில் அந்த ஆடி ஞாயிறுதான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். சாமி வந்து ஆடுகிறவர்களுக்கு நினைவு இருக்கக்கூடாது. ஆட்டம் முடிந்து முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்ததும் சுற்றி நிற்பவர்கள் சொல்வார்கள்: நீ இப்படிச் சுற்றினாய், இன்னாருக்கு இப்படிக் குறி சொன்னாய். ஆடியவள் ஆச்சரியப்பட்டு, "எனுக்கு ஒண்ணும் தெர்லயே" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் நிற்கிறது. அது இருக்கிற வரைக்கும் அவள் அம்மன். அன்று முழுக்கப் புருஷன்கூட அவளை "வாங்க, போங்க" என்பான். கோவிந்தன் அப்படித்தான் சொன்னார். முதல் கூழ்ச் சட்டியும் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

பம்பைக்காரர் மாங்காட்டுக் கலியமூர்த்தி. அவர் பாடினால்தான் அக்காவுக்குச் சாமி வரும். ஒரு வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் நாகப்பன் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வேறு கோஷ்டியைக் கூட்டிவந்தார். அவர்களும் தொண்டை கிழியப் பாடினார்கள். அக்கா கைகட்டி நின்றாள். நின்றவள் நின்றவள்தான். ஆளை மாற்றியதில் அம்மனுக்குக் கோபம் என்று முடிவுகட்டி, அடுத்த வருஷம் கலியமூர்த்திக்கே வெற்றிலை பாக்கு வைத்தார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காவும் எங்கள் கம்பெனியில்தான் இருந்தாள், ஒப்பந்தத்தில், வார்ப்புச் சாமான்களின் ஓரப் பிசிறைத் தட்டி எடுக்கிற வேலை. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது காதில் ஏதோ தட்டுப்பட்டது. மற்ற பெண்கள் தட்டியது வெறும் சத்தம். அக்கா தட்டியது அப்படி இல்லை.

"என்னக்கா இது?"

"இன்னாது?"

"தட்டுறது. ஒரு மாதிரி விட்டு விட்டு வருதே."

அவள் சுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கலியமூர்த்தி அம்மாவ வர்ணிச்சிகினே வருவாரில்ல, மஞ்சக் குளிச்சி வர்ற எடத்துல ஒரு தட்ட முழுங்கிடுவாரு. அடிக்கவே மாட்டாரு. நமக்கு வவுத்துல தூக்கிப் போடும். கேட்டுகீறியா?"

நான் கேட்டதில்லை. எங்கள் ஊரிலும் பம்பை உண்டு. சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு புத்தகத்தோடு பம்ப்செட் கொட்டகைக்குப் போனவன் நான். அந்த ஆடியில் அக்கா சொன்ன இடத்துக்காகக் காத்திருந்து கேட்டேன்.

மஞ்சக் குளிச்ச மகராசி வாராளே
மதகு தொறந்ததுபோல் மளமளன்னு வாராளே

இரண்டாம் முறை 'வாராளே' என்று இழுத்த இடத்தில் கலியமூர்த்தியின் குச்சி காற்றில் நின்றது. தோல் பேசவில்லை. அந்த வெற்றிடத்தில் எனக்கும் வயிற்றில் தூக்கிப் போட்டது. அக்கா முதல் அடியை எடுத்து வைத்ததும் அந்த இடத்தில்தான். மூன்று அடி முன்னால், ஒரு பாதிச் சுற்று, தலை இடவலமாக. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் நான் கயிற்றோரம்தான். சாமி கும்பிட அல்ல. கேட்க. பம்பைத் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றும்போதே போய் நின்றுவிடுவேன். அக்கா அதற்கும் முன்னாலேயே வந்து, பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருப்பாள்.

1990 ஆடியில் ஒரு தப்பு நடந்தது. அப்போது அது தப்பு என்று யாருக்கும் தெரியாது. நாகப்பனின் மனைவி நாகவல்லி, மகள் புஷ்பாவுக்குப் பூந்தமல்லியிலிருந்து வந்த சம்பந்தத்தைப் பற்றிக் கேட்பதற்காகக் கற்பூரத் தட்டோடு வட்டத்துக்குள் வந்தாள். பம்பை உச்சத்தில் இருந்தது. "முடிச்சிடலாமா தாயே?" என்று கேட்டாள். ஆடிக்கொண்டிருந்த அக்காவின் தலை இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தத்தை விட்டார்கள். அந்தப் பையனுக்கு அடுத்த வருஷம் மத்திய அரசு வேலை கிடைத்தது. புஷ்பாவுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கூடிவரவில்லை. அப்போதும் நாகவல்லி, "அம்மா சொன்னா ஏதாவது இருக்கும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1993 பொங்கலுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் கிராமியக் கலை விழா வைத்தார்கள். நடத்தியவர் குணசேகரன் என்ற ஊழியர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். எல்லா மாவட்டத்து ஆட்டபாட்டமும் குடியிருப்புப் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். பம்பைக்குக் கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, பொன்னாடையும் போடுவதாகச் சொல்லியிருந்தார். "நம்ம ஆளுக்கு மரியாத பண்றாங்க, நாம போவாம யாரு போவறது" என்று நாகப்பன் டெம்போ பிடித்தார். தெருவே ஏறியது. நானும் ஏறினேன். நாகவல்லி மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். உள்ளே எலுமிச்சம்பழம், கற்பூரம், வேப்பிலை. வர்ணிப்பு பாடினால் எங்கே என்று பார்த்தா அம்மன் வருவாள்?

வெயில் சாய்கிற நேரத்தில் கலியமூர்த்தி மேடை ஏறினார். ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு சட்டை கொடுத்திருந்தார்கள். முன்னால் மைக். சாம்பிராணி இல்லை, கூழ் இல்லை, அம்மன் இல்லை. அதே வர்ணிப்பைப் பாடினார். எங்கள் தெருக்காரர்கள் மேடையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகவல்லி பையைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாளில் அவள் பம்பையை உட்கார்ந்து கேட்டதே இல்லை. மைக்கில் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது. முழுங்குகிற இடம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "பாத்தியா" என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள்.

வர்ணிப்பு முடிந்ததும் குணசேகரன் மைக்கைப் பிடித்தார். "யாராவது ஆட விரும்பினா முன்னால வரலாம். கூச்சப்பட வேண்டாம்." குடியிருப்புப் பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கொண்டை கொண்டையாகவே இருந்தது. கலியமூர்த்தி வேகத்தைக் கூட்டினார். மூன்று அடி முன்னால், ஒரு பாதிச் சுற்று, தலை இடவலமாக. ஆடி மாதத்து அடி அதே அடி. முகம் மட்டும் வேறு. பல் தெரியச் சிரித்துக்கொண்டு, வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஆடினாள். மைதானம் முழுக்கக் கைதட்டியது. எங்கள் தெருக்காரர்கள் மட்டும் தட்டவில்லை.

குணசேகரன் மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "என்னம்மா, சாமி வந்துடுச்சா?"

"இல்ல சார். பாட்டு நல்லாக்கீது, அதான் ஆடுனேன்."

"முன்னாடி ஆடியிருக்கீங்களா?"

"வருசா வருசம் ஆடறேனே."

நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. அவளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

திரும்பும்போதும் அதே டெம்போதான். அம்பத்தூர் தாண்டியதும் நாகவல்லிதான் ஆரம்பித்தாள். "ஏம்மே, வருசா வருசம் ஆடறியா நீ?"

அக்கா மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேக்கறேனில்ல. அன்னிக்கு எம் பொண்ணு சம்பந்தத்துக்குத் தலைய ஆட்டுனியே, அதுவும் பாட்டுக்குத்தானா?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷம் சொன்ன வாக்கியம். டெம்போவில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் அடங்கியிருக்கும்.

"தலை அது பாட்டுக்கு ஆடிகினுதான் இருந்துச்சி நாகு" என்றாள் அக்கா. "நீ கேட்டது எங்காதுல உழவே இல்ல."

நாகவல்லி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நாகப்பன் டிரைவரிடம் வண்டியைச் சீக்கிரம் விடச் சொன்னார்.

அதற்குப் பிறகு தெருக்குழாயில் அக்காவின் குடம் கடைசிக்குப் போனது. திருவள்ளூர் கோஷ்டி வந்த வருஷத்தில் அம்மன் வராததற்கு இப்போது வேறு காரணம் சொன்னார்கள். அவளுக்குக் கலியமூர்த்தி மேல் கண் என்றார்கள். கோவிந்தன் எவர்சில்வர் தட்டை ஏரிப்பக்கம் வீசிவிட்டு வந்தார். "சாமியாடி ஊட்டுக்காரன்னு நாலு பேரு மதிச்சான். இப்ப கூத்தாடி புருசன்றான். திருப்தியா உனுக்கு?"

புஷ்பா ஒருநாள் பின்வாசல் வழியாக வந்தாள். நான் அறையில் இருந்தது அவளுக்குத் தெரியாது. "அத்தே, எனுக்கு அந்தப் பூந்தமல்லி ஆளப் புடிக்கவே இல்ல. நீ தலைய ஆட்டுனது நல்லதாப் பூச்சு."

"இத்த உங்கம்மாகிட்ட சொல்லேண்டி."

"ஐயோ, கொன்னே போட்டுடும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன் கமிட்டி கூடியது. இது மனத்தின் ஒருவகை நிலை, இசையால் வருவது, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாகப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவரே, அம்மாவ மெண்டல்னு சொல்றீங்களா, இல்ல எங்களச் சொல்றீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். முடிவை அவரே சொன்னார். "சாமின்னா பம்பை இல்லாமயும் வரும். வரட்டும், பாப்போம். வந்தா கால்ல உழறோம்."

முந்தின நாள் கோவிந்தன் அக்காவிடம் கெஞ்சியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "சொம்மா கண்ண மூடிக்கினு ரெண்டு சுத்து சுத்துமே. அவ்ளோதான். எல்லாம் சரியாப்பூடும்."

"பாட்டு இல்லாம எப்டிய்யா வரும்?"

"வராங்காட்டி இன்னா? பொய்யா ஆடேன்."

"பொய்யா ஆடுனா அம்மா சும்மா வுடுமா?"

தெரு முழுக்க அவளைப் பொய்க்காரி என்றது. அவள் தப்பிக்கத் தெரு கொடுத்த ஒரே வழி பொய்தான். எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் அம்மனுக்கு உண்மையாகப் பயந்தவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிறு மத்தியானம் கயிறு கட்டினார்கள். கலியமூர்த்தி பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். தட்டக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். அக்காவின் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார் நாகப்பன். அவ்வளவு கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எஸ்டேட் பக்கம் ஏதோ கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

கற்பூரம் எரிந்தது. சூடு ஏறியும் அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கலியமூர்த்தியைப் பார்த்தாள்.

"அண்ணாத்தே, ஒரே ஒரு தட்டு."

கலியமூர்த்தி தரையைப் பார்த்தார். காற்றுப் பட்டுக்கூடத் தோல் அதிர்ந்துவிடக்கூடாது என்பதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் பம்பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

கற்பூரம் அணைந்தது. "அப்ப வராது" என்றாள் அக்கா. கரியைப் புடவையில் துடைத்தாள், கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். ஒதுங்கி வழிவிட்டவர்களில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் கலியமூர்த்தியைத் தட்டச் சொன்னார்கள். தட்டினார். நாகப்பனின் தம்பி மனைவி பேபிக்கு உடனே சாமி வந்துவிட்டது. தாளத்தோடு ஒட்டாமல் குதித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு அலறினாள், கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். எல்லோருக்கும் நிம்மதி. தெளிந்ததும், "எனுக்கு ஒண்ணும் தெர்லயே" என்றாள். அதை மட்டும் சரியாகச் சொன்னாள்.

வீட்டில் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோயில் பக்கமிருந்து பம்பை கேட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பொய்யின்னு நான் எப்பனா சொன்னேனா தம்பி? பாட்டு புடிக்குதுன்னுதானே சொன்னேன். புடிச்சாத்தானே அது வரும்? வேற எப்டி வரும்?"

 கோயில் பக்கம் கலியமூர்த்தியின் பம்பை அதே இடத்தில் ஒரு தட்டை முழுங்கியது. அக்காவின் கை தண்ணீருக்குள் அசையாமல் இருந்தது. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

இப்போது கோயிலில் பம்பை வைப்பதில்லை. கேசட் போடுகிறார்கள். கலியமூர்த்தி மாங்காட்டில்தான் இருக்கிறார். அரசு விழாக்களுக்குப் போகிறார். புஷ்பாவுக்கு இரண்டாம் தாரமாக ஓர் இடத்தில் முடித்தார்கள். நான் கல்யாணமாகிக் கொரட்டூருக்கு வந்துவிட்டேன். வேம்புலியக்கா சென்னீர்குப்பத்தில் மகனோடு இருக்கிறாள். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு செருப்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். மகன் வாங்கி வைத்த டேப் ரெக்கார்டர் அலமாரியில் இருக்கிறது. அவள் அதைப் போடுவதில்லை.